டிவிடெண்டின் முகவரி

யார் எந்த முகவரியைச் சொன்னாலும் எனக்கு உடனே நம்பிக்கை வராது. இது பிறவிக் குணம் இல்லை, வேலை கொடுத்த குணம். மேடவாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் ஆபீஸில் இருபத்தாறு வருடம் அட்மிஷன் பார்த்தவள் நான். பக்கத்தில் வீடு இருக்கிற பிள்ளைகளுக்கு முதலிடம் என்று அங்கே ஒரு விதி. மார்ச் மாதம் பிறந்தால் பாதி ஊரும் பள்ளிக்கு எதிர்த் தெருவுக்குக் குடிவந்துவிடும். கேஸ் பில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். நான் ஃபைலை மூடிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சொன்ன கதவு எண்ணில் சில சமயம் மாவு மில் இருக்கும். ஒரு தடவை தண்ணீர் லாரி நிறுத்துகிற ஷெட் இருந்தது. "குழந்தை லாரிக்குள்ளதான் தூங்குதா சார்?" என்று அந்த அப்பாவைக் கேட்டேன். அவர் என்மேல் புகார் எழுதிக் கொடுத்தார். அந்த மாதிரிப் புகார்கள் எனக்கு நிறைய உண்டு.

போன வருடம் ஓய்வு பெற்றேன். கணவர் போய்ப் பதினோரு வருடம். செம்பாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் கீழ்ப்போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். என் ஒரே மகன் அப்போதுதான் மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடிபோயிருந்தான். முப்பத்திரண்டு வயது, கம்ப்யூட்டர் வேலை. எனக்கென்று ஒரு அறையை ஒதுக்கி, அதில் கட்டிலும் போட்டு, சுவரில் சாமி படத்துக்கு ஆணியும் அடித்து வைத்திருந்தான். ஆணியைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

மருமகள் நல்ல பெண். சண்டை, சச்சரவு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வீட்டில் நான் ஒரு விளக்கைப் போடுவதற்கு முன்னால் யாராவது தூங்குகிறார்களா என்று பார்க்கிறேன். டம்ளரைக் கழுவி எங்கே கவிழ்ப்பது என்று கேட்கிறேன். என் வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் பாத்திரத்தை ஓங்கி வைக்கலாம். அங்கே வைத்தால் அது ஒரு விஷயமாகிவிடும். இதை மகனிடம் சொன்னால் புரியாது, அல்லது நன்றாகப் புரிந்து வருத்தப்படுவான். அதனால் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் இழுத்தேன்.

அவன் என் பிள்ளை, விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறாராகப் பேசினான். "அம்மா, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் உனக்குப் பென்ஷனும் போஸ்ட் ஆபீஸ் வட்டியும் சரியா இருக்கு. வாடகைக்கு முதல் பணத்துலேர்ந்து எடுக்கற. இப்படியே போனா எத்தனை வருஷம் தாங்கும்? அந்த முதல்ல கை வைக்காம வாடகை வர்ற மாதிரி ஒரு வழி காட்டு. நான் வாயைத் திறக்கல. இல்லேன்னா ஆனி மாசம் அக்ரிமென்ட் முடியுது, காலி பண்ணிட்டு வந்துடு."

நியாயமான பேச்சுதான். அதுதான் எரிச்சலாக இருந்தது. கையில் பி.எஃப். பணமும், கணவர் பெயரில் கூடுவாஞ்சேரியில் இருந்த மனையை விற்ற பணமும் இருந்தன. அதை டெபாசிட்டில் போட்டால் வட்டி அப்படியே நிற்கும், வாடகை மட்டும் வருடா வருடம் ஏறும். பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருத்தி ஓயாமல் டிவிடெண்ட் புராணம் பாடுவாள். அது நினைவுக்கு வந்தது. மகனிடம் ஆனி வரை அவகாசம் கேட்டேன். ஐந்து மாதம் இருந்தது.

அந்த நாட்களில் எனக்கு இருந்த பிரமிப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் வாழ்நாளில் வாங்கிய காசு எல்லாம் போய் நின்று வாங்கியது. சம்பளத்துக்குப் பதிவேட்டில் கையெழுத்து, போனஸுக்குக் கும்பிடு, அட்வான்ஸுக்குக் கெஞ்சல். இங்கே என்னவென்றால், எங்கேயோ ஒரு ஊரில் ஒரு கம்பெனி சோப்போ பம்போ செய்கிறது, விற்கிறது, மிச்சம் வந்ததில் என் பங்கை நான் கேட்காமலே என் பேங்குக்கு அனுப்பிவிடுகிறது. என் முகம் அவர்களுக்குத் தெரியாது. நான் நல்லவளா, கோபக்காரியா என்று கேட்பதில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டை மனிதர்கள் செய்து, அது நடந்துகொண்டும் இருக்கிறதே என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஆச்சரியப்பட்டேன்.

போனில் ஒரு பட்டியல் கிடைத்தது. போட்ட காசுக்கு எந்தக் கம்பெனி அதிகமாக டிவிடெண்ட் கொடுத்தது என்று வரிசைப்படுத்தியிருந்தார்கள். மேலே இருந்தது ஒரு பழைய கம்பெனி. பெயிண்டுக்கும் பிஸ்கட்டுக்கும் தகர டப்பா செய்கிறவர்கள். மற்றவர்கள் நூறு ரூபாய்க்கு மூன்று, நான்கு என்று கொடுத்தபோது இவர்கள் பதினைந்துக்கு மேல் கொடுத்திருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கையில் இருப்பதை எல்லாம் இதிலேயே போட்டால் வாடகையைப் போல இரண்டு மடங்கு வரும், வருடத்துக்கு ஒரு புடவையும் காசி யாத்திரையும் போக இன்னும் மிச்சம். ஆணியை மகனே பிடுங்கிக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் யாரிடமாவது பெருமை அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். அவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். மகள் அட்மிஷனுக்கு வந்தவர், எல்லாரும் எதிர்த் தெரு என்று எழுதியபோது, தாம்பரத்தில் கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பதாக உள்ளபடி எழுதிக் கொடுத்தார். அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. மறு வருடமும் அதே முகவரியோடு வந்தார். அன்றைக்கு நானே பிரின்சிபால் அறைக்குப் போய் அந்தப் பெண்ணுக்காகச் சண்டை போட்டேன். அவரும் ஷேர் வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரியும். தாழ்ப்பாள் வாங்கப் போனபோது, ஆணிப் பெட்டிக்கு அடியில் கம்பெனி ஆண்டறிக்கைகளின் ஜெராக்ஸ் தாள்கள் இருந்தன.

"இன்னா மேடம், கொழாவா, தாப்பாளா?" என்றார்.

"ரெண்டும் இல்ல பாய். ஷேர் வாங்கப் போறேன்." போனை நீட்டினேன்.

அவர் டிவிடெண்டைப் பார்த்து என்னைப் போல வாயைப் பிளக்கவில்லை. "ரிப்போர்ட்டுல கடேசிப் பக்கங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். "இதர வருமானம்னு ஒரு வரி வரும். நான் மொதல்ல அத்தத்தான் பாப்பேன்."

"அது எதுக்கு?"

"நாங்க வட்டி வாங்கறதில்ல மேடம். பேங்க்ல டெபாசிட் போட முடியாது. கம்பெனில பங்குன்னா அது யாவாரம், லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு, அதுல தப்பில்ல. ஆனா சாராயம், சிகரெட்டு, பேங்கு இதெல்லாம் தொடமாட்டேன். கடன்ல முழுவிகினு கீற கம்பெனியும் வாணாம்."

"சரி, நல்ல கம்பெனியா பார்த்து வாங்கிட்டா முடிஞ்சுது."

"எங்க முடியுது? நல்ல கம்பெனியும் கைல கீற காச பேங்க்லதான போட்டு வெக்கிறான். அந்த வட்டி லாபத்துல கலந்துகினு என்கிட்டயும் வருது. இதர வருமானத்துல அது எவ்ளோன்னு பாத்து, என் டிவிடெண்ட்லேர்ந்து அந்தத் துண்ட எடுத்து இல்லாதவங்களுக்குக் குடுத்துடுவேன்."

"நல்ல தர்மம்," என்றேன்.

அவருக்குச் சுருக்கென்றது. "தர்மம் இல்ல மேடம். என்னுது இல்லாதத வெளிய வெக்கிறேன். அதுக்குப் போய்ப் புண்ணியம் கேக்க முடியுமா?"

போன தடவை எவ்வளவு வெளியே வைத்தார் என்று கேட்டேன். நாற்பத்தியேழு ரூபாய் என்றார். அதைக் கண்டுபிடிக்க அறுபது ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடமே சிரிப்பு நின்றும் போனது. இருபத்தாறு வருடம் பொய் முகவரிகளோடு மல்லுக்கட்டினவள் நான். யாருமே கேட்காத, யாராலும் கண்டுபிடிக்க முடியாத நாற்பத்தியேழு ரூபாயின் முகவரியைத் தேடுகிற ஒரு மனிதர், ஆணியும் பெயிண்டும் நாறுகிற இந்தக் கடைக்குள் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கூச்சத்தில் ஒரு டஜன் ஆணி வாங்கினேன்.

அவர் பக்கத்துக் கடைக்குப் போய் என் டப்பா கம்பெனியின் தாள்களை ஜெராக்ஸ் எடுத்து வந்தார். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஒரு இடத்தில் ஸ்கேல் நின்றுவிட்டது.

"இன்னா மேடம் இது. டப்பா வித்து வந்தது இத்தினிக்கோண்டு கீது. இதர வருமானம் இம்மாம் பெருசா கீது."

"வட்டியா?"

"வட்டியும் இல்ல." அடுத்த தாளில் குறிப்பைத் தேடிப் படித்தார். கம்பெனி தன் பழைய தொழிற்சாலையின் நிலத்தை ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு விற்றிருக்கிறது. கடைசித் தவணை போன வருடம் வந்திருக்கிறது. அதைத்தான் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது திருமுடிவாக்கத்தில் வாடகைக்கு ஒரு ஷெட் எடுத்துச் சின்ன அளவில் டப்பா செய்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டப்பா கம்பெனி மேல் அல்ல, பாய் மேல். "எதை வித்தா என்ன பாய், கொடுத்தாங்க இல்ல?"

"குடுத்தாங்க. அடுத்த வருசம் எத்த விப்பாங்க?" என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்ககூட கூடுவாஞ்சேரி மனைய வித்தீங்க. அத்த மாசச் சம்பளம்னு சொல்வீங்களா மேடம்?" என்று கேட்டார்.

நான் தாள்களைச் சுருட்டிப் பையில் வைத்தேன். அவர் சிரித்தார். "நம்பலன்னா போய்ப் பாருங்களேன். நீங்கதான் அட்ரஸ் பாக்கறதுல பெரிய ஆளாச்சே."

மறுநாள் காலையிலேயே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாளில் பழைய தொழிற்சாலையின் முகவரி இருந்தது. மேடவாக்கத்தை ஒட்டிய கிராமத்தின் பெயர், ஒரு குறுக்குத் தெரு, கதவு எண். எனக்குத் தெரியாத மேடவாக்கமா என்று பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். பின்பக்கத் தெருக்களுக்கு நான் வந்து பத்து வருடமாவது இருக்கும். குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கதவு எண்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தாவின. கடைசியில் ஒரு நீண்ட பழைய மதில், அதில் துருப்பிடித்த ஒரு பெரிய இரும்பு கேட். மதிலில் கதவு எண் பாதி அழிந்திருந்தது. அதே எண்தான். கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி. அதில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாக்கா, புள்ள வூட்டுக்கு வந்தா முன் கேட்டாண்ட போவாம இங்க இன்னாத்துக்கு நிக்கிற?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பிள்ளை வீடு?"

"நல்லா கேட்ட போ. உம் புள்ள சட்டதான் இப்போ தேய்ச்சிகினு கீறேன். துணி எடுக்க மேல வரச்சொல்ல அந்த வூட்டாண்ட உன்ன பாத்துக்கீறேன்ல." நீலச் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சட்டை.

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். மதிலுக்குப் பின்னால் பதினான்கு மாடிகள். நான் எப்போதும் பெரிய ரோட்டில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, செடியும் நீரூற்றும் வைத்த முன்வாசல் வழியாகவே போயிருக்கிறேன். அந்தப் பக்கத்துக்கு வேறு ரோடு, வேறு எண், வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர். இது அதே வளாகத்தின் முதுகு. என் மகனின் பால்கனி தெரிந்தது. மருமகளின் துளசித் தொட்டி தெரிந்தது.

"இங்க டப்பா கம்பெனி இருந்ததா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சா? இருவது வருசமா நான் இதே மரத்தாண்டதான் பொட்டி போடறேன். அப்போ எல்லாம் காக்கிதான். சங்கு ஊதனா போதும், பேஜாரு, ஆளுங்க வந்து மொய்ச்சிக்கும். இப்போ ஐ.டி. சட்ட. காக்கிக்குக் கஞ்சி போடணும், இதுக்கு வாணாம். அவ்ளோதான் வித்தியாசம்." இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஒரு கரித்துண்டு கீழே விழுந்தது. அதைச் செருப்பால் மிதித்து அணைத்துவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ முகவரிகளைச் சரிபார்த்திருக்கிறேன். ஒன்றுகூட என்னை இப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. மெதுவாக யோசித்துப் பார்த்தேன். டப்பா கம்பெனிக்குப் பணம் கொடுத்தது கட்டுமானக் கம்பெனி. அவர்களுக்குக் கொடுத்தது ஃபிளாட் வாங்கியவர்கள். ஃபிளாட் வாங்க என் மகனிடம் பணம் ஏது? பேங்க் கொடுத்தது. அதை அவன் தன் சம்பளத்திலிருந்து இருபது வருடம் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டடம் எழும்பும்போதே தொடங்கிய கடன், இரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது. கடைசித் தவணை கட்டும்போது அவனுக்கு ஐம்பது வயது. அந்த ஐம்பது வயதுச் சம்பளம், அவன் இன்னும் சம்பாதிக்காத பணம், போன வருடமே வந்து, யார் யாருடைய பேங்குக்கோ டிவிடெண்டாகப் போய்ச் சேர்ந்து, செலவழிந்தும் போயிருக்கிறது. அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக ஐந்து மாத அவகாசம் வாங்கி, ஊரெல்லாம் தேடி, நான் கண்டுபிடித்த வருமானம் அந்த வீட்டை விற்ற காசு.

பயமாக இருந்தது. ஆச்சரியம் அதைவிடப் பெரியதாக இருந்தது. பணத்துக்கு இவ்வளவு தூரம் நடக்கத் தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மாடிக்குப் போனேன். மகன் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தான், காதில் மாட்டியிருந்த கருவியில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். மருமகள் காபி கொடுத்தாள். "என்ன அத்தை, திடீர்னு?" என்றாள். ஒரு அட்ரஸ் பார்க்க வந்தேன் என்றேன். மகன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். இத்தனை நாளும் ஆணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் தேர்ந்தெடுத்த விதமே வேறு. பட்டியலைத் தலைகீழாகப் படிக்க ஆரம்பித்தேன். அதிகம் கொடுக்கிறவர்களை விட்டுவிட்டு, பத்து வருடமாக விடாமல் கொடுத்தவர்களைப் பார்த்தேன். பாயின் ஸ்கேல் மாதிரியே ஒரு ஸ்கேல் வாங்கி, முதலில் இதர வருமானத்துக்கு அடியில் வைத்தேன். வட்டி பற்றிய விதி எனக்குக் கிடையாது. ஆனால் பொருள் விற்று வந்த காசு எது, வீட்டை விற்று வந்த காசு எது என்று பிரிக்கிற இடம் அந்த வரிதான் என்பது தெரிந்துவிட்டது. பஸ்ஸும் ரயிலும் போகிற தூரத்தில் இருந்த தொழிற்சாலைகளுக்கு நேரில் போனேன். ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு கேட்டுக்கு எதிரில் டீ குடித்தேன். சரக்கு ஏற்றிய லாரி வெளியே வருவதை எண்ணினேன். ஒரு வாட்ச்மேன் சந்தேகப்பட்டு, "யாருமா நீ, இன்னா வேணும்?" என்று விரட்டினார். "பங்குதாரர் ஆகலாமான்னு பார்க்கறேன்," என்றேன். அவர் பயந்துபோய் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

ஏழு கம்பெனிகள் தேறின. பிஸ்கட், மோட்டார் பம்ப், சோப்பு என்று சாதாரணமான கம்பெனிகள். ஒன்று விழுந்தாலும் எல்லாம் சேர்ந்து விழாதபடி பிரித்துப் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால், போன வருடக் கணக்குப்படியே எல்லாம் வந்தாலும், வாடகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தேறும். மூன்று நாள் அந்த எண்ணோடு முறைத்துக்கொண்டிருந்தேன். மகன் போட்ட நிபந்தனையில் நான் தோற்றுவிட்டேன்.

நாலாவது நாள் வீட்டுக்காரரிடம் மொட்டை மாடி ரூமைப் பற்றிக் கேட்டேன். ஒற்றை அறை, பக்கத்தில் ஒரு சின்ன சமையல் மேடை, வெயிலில் கொதிக்கும் என்று எச்சரித்தார். வாடகை கீழ்ப்போர்ஷனில் பாதி. டிவிடெண்டுக்குள் அது அடங்கியது. பீரோவையும் பெரிய கட்டிலையும் விற்றேன். கட்டிலை ஏற்றிப் போகும்போது கொஞ்சம் அழுதேன், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. ஆனி பிறப்பதற்கு முன்னாலேயே மேலே ஏறிவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் ஏரி. இத்தனை வருடம் இரண்டு தெரு தள்ளி இருந்தும், வீட்டிலிருந்து அதைப் பார்த்ததே இல்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் மகன் வந்தான். படியேறி மூச்சு வாங்கினான். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். திட்டப் போகிறான் என்று நான் பதிலை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து போன் சத்தம் போட்டது. பம்ப் கம்பெனியின் டிவிடெண்ட், பேங்குக்கு வந்துவிட்டதாக மெசேஜ். என் முதல் டிவிடெண்ட். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

அவனிடம் காட்டினேன். "அவங்க ஃபேக்டரி வாசல்ல நான் டீ குடிச்சிருக்கேன். பம்ப் வித்த காசுடா. வேற எதையும் விக்கல," என்றேன். டப்பா கம்பெனிக் கதையை அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னேன். மதில், இஸ்திரி வண்டி, நீலச் சட்டை எல்லாம். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டான். என் வீட்டில் படுப்பதற்கு என்னிடம் அனுமதி கேட்டான். கட்டில் இல்லை, தரையில் ஜமக்காளத்தை விரித்துத் தலையணையைப் போட்டேன். படுத்த உடனே தூங்கிப்போனான், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, சின்ன வயதில் தூங்கியது போலவே. அவன் போனில் வேலை சம்பந்தமாக யாரோ இரண்டு தடவை கூப்பிட்டார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்தேன். காபி டம்ளரைக் கழுவி, ஓசை வராமல் கவிழ்த்தேன். நான்கு மணிக்கு எழுப்பச் சொல்லியிருந்தான். நான்கு அடித்தது, ஐந்தும் அடித்தது. அவனுக்குக் கடன் கட்ட இன்னும் பதினெட்டு வருடம் இருக்கிறது. நான் எழுப்பவில்லை.